சத்தம் வந்த இடம்

ஏப்ரல் 6

இவர் வேலை முடிந்து வரும்போது தோளில் ஒரு நீளப் பெட்டியோடு வந்தார். பழைய சாமான் சந்தையில் வாங்கியதாம். மேசையில் வைத்துவிட்டு, "திறந்து பாரும்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே ஒரு மெட்டல் டிடெக்டர், மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் சத்தம் போடும் கருவி. கடற்கரையில் நாணயமும் மோதிரமும் தேடித் திரியும் வெள்ளைக்காரர்கள் வைத்திருக்கிற வகை.

"நீர் ஒன்பது வருசம் செய்த வேலைதானே மலர். கடலும் பக்கத்திலயே கிடக்கு. ஞாயிற்றுக்கிழமையில வீட்டுக்க அடைஞ்சு கிடக்காமல் ஒரு நடை போயிட்டு வரலாம்."

"நல்லது" என்றேன். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

அவர் சொல்வது சரிதான். வன்னியில் மிதிவெடி அகற்றும் பெண்கள் அணியில் ஒன்பது வருடம் இருந்தேன். கருணாகரனைக் கலியாணம் செய்து இங்கிலாந்தின் இந்தக் கடற்கரைப் பட்டினத்துக்கு வந்து மூன்று வருடமாகிறது. இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. பழைய வேலையைப் பற்றி இவர் கேட்கும்போதெல்லாம் பகிடிக் கதைகளைத்தான் சொல்லியிருக்கிறேன். மேற்பார்வையாளரின் சப்பாத்துக்குள் தவளை புகுந்தது, சோற்றுப் பார்சலைக் குரங்கு தூக்கிக்கொண்டு பாலைமரத்தில் ஏறியது. அதனால் நான் அந்த நாட்களை நினைத்து ஏங்குவதாக எண்ணிவிட்டார். ஏங்குவதும் உண்மைதான்.

விளக்கப் புத்தகத்தைப் பார்க்காமலே பாகங்களைப் பூட்டி முடித்தேன். பிடியை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்பது முழங்கைக்கு இன்னும் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 7

மழை. இவர் பெட்டியைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறார். சமைக்கக் குசினிக்குப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. காலையில் பொங்கி, சாமிப் படத்துக்குப் படைத்தோம். பின்னேரம் கடற்கரைக்குப் போனோம். இந்தக் கடற்கரையில் தேட யாரும் தடை சொல்வதில்லை, தோண்டிய குழியை மூடினால் போதும் என்று இவர் விசாரித்து வைத்திருந்தார்.

ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, டிடெக்டரின் வட்டத் தட்டை மணலோடு மணலாகத் தாழ்த்தி, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று தடவினேன். சத்தமில்லை. ஒரு அடி முன்னால் வைக்க வேண்டும். மறுபடி அதே இடத்தைத் தடவினேன். சத்தமில்லை. மறுபடியும் தடவினேன்.

"என்னப்பா, மணலுக்குப் பெயின்ற் அடிக்கிறீரே?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் போய் ஒவ்வொரு அடியாக அழுத்தி வைத்து நடந்தார். "என்ர அடியில காலை வைச்சு வாரும்" என்றார்.

காற்று பலமாக இருந்தபடியால் சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

ஏப்ரல் 21

இன்று தனியாகப் போனேன். வெயில். பிள்ளைகளும் நாய்களும் மணல் முழுக்க ஓடித் திரிந்தார்கள். அவர்கள் ஓடிய இடமெல்லாம் நான் நடக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முதல் சத்தம் வந்தது. பழக்கதோசத்தில் முழந்தாளிட்டு, பிறகு குப்புறப் படுத்து, சத்தம் வந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிச் சரிவாகச் சுரண்டத் தொடங்கினேன். விரல் நுனியால் மணலைத் தள்ளித் தள்ளிப் போனால், உள்ளே கோக் தகரத்தின் வளையம். அதற்குள் ஒரு வயதான தம்பதி வந்து எனக்கு உடம்புக்கு ஏதும் செய்கிறதா, அம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று கேட்டார்கள்.

அவர்கள் போனதும் தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட இமெல்டா அக்கா வந்தார். என்னோடு வேலை செய்பவர், மன்னார் பேசாலைக்காரி. ஐம்பத்தைந்து வயதிலும் நாள் தவறாமல் இந்தக் குளிர்ந்த கடலில் நீந்துகிறவர்.

"என்ன மலர், மண்ணுக்கு ஊசி போடுறியா?"

"சாமான் தேடுறன் அக்கா."

"இப்படித் தேடினா நான் பென்சன் எடுத்துப் போயிருவன். அள்ளி எறிஞ்சிட்டுப் பார் பிள்ளை."

அக்கா சொன்னபடி இன்னொரு இடத்தில் சின்ன மண்வெட்டியால் அள்ளினேன். சாக்லேட் சுற்றும் வெள்ளித்தாள். கண்ணை மூடிக்கொண்டுதான். ஆனால் அள்ளினேன்.

ஏப்ரல் 28

அடுத்தடுத்து இரண்டு ஷிப்ட் வேலை. கால் நோவு. எங்கும் போகவில்லை.

மே 5

கடல் வற்றி அலை இறங்கிய ஈரமணலில் முதல் தடவை. டிடெக்டர் பைத்தியம் பிடித்ததுபோலக் கத்தியது. ஒரு இடமும் மிச்சமில்லாமல் எல்லா இடமும் சத்தம். நான் தட்டைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து விளக்கப் புத்தகத்தை முதல் தடவையாக வாசித்தேன். உப்புத் தண்ணீரே இந்தக் கருவிக்கு உலோகம் மாதிரிக் கேட்குமாம். உணர்திறனைக் குறைத்து, கடற்கரைக்கான இலக்கத்தில் வைத்து, மெதுவாக வீசவேண்டுமாம். தட்டும் தண்டும் நனையலாம், மேலே உள்ள பெட்டி நனையக்கூடாது, ஆகவே முழங்காலளவு தண்ணீரைத் தாண்டக்கூடாது.

ஒன்பது வருடம் தெரிந்த வேலை என்று நினைத்தேன். இது வேறு வேலை. அங்கே ஒவ்வொரு சத்தத்தையும் தோண்டியே ஆகவேண்டும். இங்கே பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போகலாம். இதை இவரிடம் சொன்னபோது, "பின்ன, பொழுதுபோக்கெண்டால் அதுதானேயப்பா" என்றார்.

மே 12

ஒரு சின்னக் கரண்டி கிடைத்தது. கறுத்து, பிடி வளைந்து.

கையில் வைத்துக்கொண்டு ஈரமணலில் குந்தியிருந்தேன். வன்னியில் எங்கள் நிலத்துக்குள்ளும் இப்படித்தான். வெடியை விட மற்றச் சாமான்கள்தான் கூட வரும். இடம்பெயர்ந்த சனம் விட்டுப்போன சைக்கிள் மணி, பூட்டு, சட்டிமூடி, சிலவேளை ஒரு பிள்ளையின் கொலுசு. மத்தியான இடைவேளையில் கவசத்தைக் கழற்றிப்போட்டு, வியர்வையோடு பூவரச நிழலில் இருந்து சாப்பிடும்போது என் அணித்தோழி சுகந்தி அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள். "இந்தப் பூட்டுக்காரி ஆர் தெரியுமோ? புருசனை வெளியில விட்டுப் பூட்டினவள்" என்று தொடங்குவாள். புட்டு புரையேறும்வரை சிரிப்போம். காலையில் இருட்டோடு பரந்தனில் வாகனம் ஏறினால் முகமாலை வரும்வரை பாட்டு. அந்த நாட்களில் பயம் இருந்தது, சம்பளம் காணாது, வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனாலும் அவ்வளவு சிரித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சுகந்தியோடு கதைத்து ஐந்து வருடம். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நான் உள்ளே போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோடம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இன்னொரு நாளும் போனேன், தன்னைப் பார்க்க வரவேண்டாம் என்று அவளுடைய அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார்.

அவளுடைய இலக்கம் இன்னும் கைப்பேசியில் இருக்கிறது. கரண்டியைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு சொல்லும் எழுதவில்லை.

மே 13

பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

மே 19

வேலையில் ஒரு தாத்தாவுக்குத் தலை சீவி விட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. குளியலறைக்குள் போய்க் கேட்டேன். சுகந்தி அனுப்பிய குரல் பதிவு.

"அது ஒரு கிழவின்ர கரண்டி. மருந்து குடிக்கிறதுக்கெண்டு மகள் குடுத்தது. கிழவிக்கு மருந்து பிடிக்காது. கரண்டியைக் கடலுக்க எறிஞ்சுபோட்டுக் காணேல்லையெண்டு சொல்லிப்போட்டா. வேற ஒண்டுமில்ல."

பின்னால் கோழிகள் கொக்கரித்தன. அதை எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது. வெளியே வந்தபோது இமெல்டா அக்கா, "கண்ணுக்குள்ள என்ன?" என்று கேட்டார். சவர்க்காரம் என்றேன்.

ஜூன் 9

ஞாயிறுகளில் ஒரு சாமான், ஒரு படம். அவளிடமிருந்து ஒரு கதை. தூண்டில் ஈயக் கட்டிக்கு, விளையாட்டுக் காருக்கு, துருப்பிடித்த பூட்டுத் திறப்புக்கு எல்லாம் சொந்தக்காரர் கிடைத்துவிட்டார்கள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. பரந்தனில் ரோட்டோரம் ஒரு சின்னக் கடை போட்டிருக்கிறாள், கோழி வளர்க்கிறாள் என்பது பின்னால் கேட்கும் சத்தங்களிலிருந்தும் வந்துபோகிறவர்களின் கதைகளிலிருந்தும் நானாகப் பிடித்தது. நான் அவளுடைய காலைப் பற்றிக் கேட்கவில்லை.

ஈரமணலில் இப்போது யோசிக்காமல் நடக்கிறேன். கிட்டத்தட்ட.

ஜூலை 21

இன்று காலை இமெல்டா அக்கா கதவைத் தட்டினார். துவாயைப் போர்த்தியபடி, வெறுங்காலோடு, கடலிலிருந்து நேரே வந்திருக்கிறார். இடது கையின் நடுவிரலை மற்றக் கையால் பொத்திப் பிடித்திருந்தார். வெட்டுப்பட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அவர்ட மோதிரம் போயிற்று மலர்."

அக்காவின் கணவர் அலோசியஸ் இறந்து ஆறு வருடம். அவருடைய கலியாண மோதிரத்தைத்தான் அக்கா நடுவிரலில் போட்டிருந்தார். குளிரில் விரல் சுருங்கியிருக்கிறது. அலையை மறிக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய மரத்தடுப்புக்குப் பக்கத்தில் எழும்பி நின்று தலைமயிரைப் பிழிந்தபோது நழுவியது தெரிந்ததாம். தண்ணீர் இடுப்பளவு. அலை இறங்கினால் அந்த இடம் முழங்காலளவுக்கு வந்துவிடும்.

"உன்ட மெசினால பார்த்துத் தருவியா?"

"தண்ணிக்குள்ள நான் தேடினதில்ல அக்கா" என்றேன்.

அவர் விரலைப் பொத்தியபடி வாசலிலேயே நின்றார். இவர் பின்னாலிருந்து, "நாளைக்கு அலை இறங்கேக்க வருவா" என்று சொல்லிவிட்டார்.

ஜூலை 22

முழங்காலளவு தண்ணீர். கால் போடும் இடம் தெரியவில்லை. அக்கா கரையில் துவாயோடு நின்றார். மரத்தடுப்பை ஒரு எல்லையாக வைத்து ஒழுங்காக வீசிக்கொண்டு வந்தேன். நான் நினைத்ததை விடச் சீக்கிரம், தடுப்பின் நுனிக்குக் கிட்ட, ஒரு சத்தம் வந்தது. திரும்ப வீசினேன். அதே இடம், அதே சத்தம்.

குனிந்து கையால் தோண்டினேன். தோண்டத் தோண்டத் தண்ணீர் மணலைக் கொண்டுவந்து நிரப்பியது. படுத்துத் தோண்ட இது நிலமில்லை. அலை ஏறத் தொடங்கியது. தொடை நனைந்ததும் வெளியே வந்தேன்.

"இல்லையா?" என்று அக்கா கேட்டார்.

"ஏதோ இருக்கு. என்னெண்டு தெரியேல்ல."

தண்ணீருக்குள் தேடுகிறவர்கள் நீளக் கைபிடி வைத்த, ஓட்டை போட்ட இரும்புக் கோரி வைத்திருப்பார்கள். சத்தம் வந்த இடத்தில் அதைக் குத்தி நிறுத்தி, காலால் மிதித்து இறக்கி, மணலோடு அள்ளித் தூக்க வேண்டும். படத்தில் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 23

இவர் எங்கேயோ போய் ஒரு கோரியை இரவல் வாங்கி வந்தார். காலையில் அதோடு போனோம். இவரும் தண்ணீருக்குள் வந்தார்.

அதே இடத்தில் சத்தம். கோரியைக் குத்தி நிறுத்தினேன். வலது காலைத் தூக்கினேன். தூக்கிய கால் தூக்கியபடி. அலை இரண்டு தடவை ஆளைத் தள்ளியது. இவர் வந்து தோளைப் பிடித்தார்.

"நான் மிதிக்கட்டே?"

"வேண்டாம்!" நான் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற நாய் குரைத்தது. "நீங்கள் மிதிக்காதையுங்கோ. வெளியில போங்கோ. வந்த வழியாலயே போங்கோ."

அவர் திரும்பி, நாங்கள் வந்த வழியாலேயே கரைக்குப் போனார். பிறகு நானும் போனேன்.

பின்னேரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"சுகந்திக்கு என்ன நடந்தது மலர்?"

சொன்னேன். கார்த்திகை மழை. இரண்டு நாள் வேலை நிறுத்தி, வெள்ளம் வடிந்ததும் போனோம். நாங்களே துப்புரவாக்கி வெள்ளைத் தடி நட்ட பாதை. எத்தனையோ நாள் நடந்த பாதை. வெள்ளம் எங்கிருந்தோ ஒரு மிதிவெடியை உருட்டிக்கொண்டு வந்து அதில் விட்டிருக்கிறது. வரிசையாகப் போனோம். சுகந்திக்கு முன்னால் போனவள் நான். அந்த இடத்தைக் கடந்து போனேன், ஒன்றும் நடக்கவில்லை. அவள் எனக்கு ஏதோ பகிடி சொல்லிக்கொண்டு வந்தாள். அதன் முடிவு எனக்குத் தெரியாது.

இவர் என் கையிலிருந்த கோப்பையை வாங்கி, மிச்சப் பாத்திரங்களை எல்லாம் கழுவி முடித்தார். பிறகு, "கோரியைத் திருப்பிக் குடுக்கட்டே?" என்று கேட்டார்.

"நாளைக்கும் கிடக்கட்டும்" என்றேன்.

ஜூலை 24

எழும்பியதும் முதல் வேலையாகச் சுகந்திக்கு அழைப்பு எடுத்தேன். அங்கே மத்தியானத்துக்குக் கிட்ட இருக்கும். இத்தனை மாதமும் குரல் பதிவுகள்தான். நேரே கதைத்ததில்லை. எடுப்பாளோ தெரியாது. எடுத்தாள்.

"என்னடி?"

அக்காவின் மோதிரத்தைச் சொன்னேன். தண்ணீர், சத்தம், கோரி எல்லாம் சொன்னேன். கால் இறங்கவில்லை என்று சொல்லத் தொடங்கினேன். அவளிடம் போய் இதைச் சொல்கிறேனே என்று பாதியில் நிறுத்திவிட்டேன்.

"அங்க நிண்டுகொண்டு எடு" என்றாள். "நான் கடையைச் சாத்துறன்."

தண்ணீர் புகாத பையில் கைப்பேசியைப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினேன். கரையில் இவரும் இமெல்டா அக்காவும். மரத்தடுப்பின் நுனி. தட்டை வீசினேன். சத்தம் வந்தது. ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைக் கழற்றிக் கைப்பேசியோடு ஒட்டிப் பிடித்தேன்.

"கேக்குதோ?"

"பொறு." அலைச் சத்தம், டிடெக்டரின் சத்தம், அவளுடைய மூச்சு. "இன்னொருக்கா வீசு."

வீசினேன்.

"இது அந்தச் சத்தம் இல்ல மலர். அது இழுத்துக் கத்தும். இது கட்டையா, உருண்டையாக் கேக்குது."

"ஓம்."

"மிதி."

"ஏலாமக் கிடக்கடி."

"உந்தக் கடலுக்க ஒருத்தரும் ஒண்டும் புதைச்சு வைக்கேல்ல. சனம் தவறவிட்டதுதான் கிடக்கு. நான் சொல்லுறன், மிதியன்."

மிதித்தேன். கோரி கரகரவென்று கூழாங்கற்களுக்குள் இறங்கியது. தண்ணீர் கலங்கியது. அவ்வளவுதான். கடல் தன்பாட்டில் வந்து போய்க்கொண்டிருந்தது.

"ஏன் சத்தத்தைக் காணேல்ல? உயிரோட நிக்கிறியோ?" என்று கழுத்திலிருந்து கேட்டது.

"நிக்கிறன்."

"அப்ப அள்ளு."

முதல் கோரியில் கல்லும் சிப்பியும். குழியில் இன்னும் சத்தம் இருந்தது. திரும்பவும் மிதித்தேன், இந்தத் தடவை குதிகாலால் ஓங்கி. அள்ளித் தண்ணீரில் அலசினேன். மணல் ஓட்டைகளால் ஒழுகிப் போக, கூழாங்கற்களுக்கு நடுவே மஞ்சளாய் ஒரு வளையம். தலையை நிமிர்த்தும்போது இமெல்டா அக்கா உடுப்போடு தண்ணீருக்குள் பாதித்தூரம் வந்துவிட்டார்.

மோதிரத்தை வாங்கி வாயில் ஒற்றிக்கொண்டார். "நீச்சல் தெரியாத மனுசன். மூணு நாளாத் தண்ணிக்குள்ள கிடந்திட்டார்" என்று அழுதழுது சிரித்தார். என்னைக் கட்டிப்பிடித்ததில் கைப்பேசிப் பை நடுவில் நசுங்கி, "ஆரடி அது? மூச்சு முட்டுது!" என்று சுகந்தி கத்தினாள்.

ஜூலை 28

வேலை இல்லை. வெயில். அக்கா மோதிரத்தைச் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டு காலையில் நீந்தப் போனார். நான் டிடெக்டரை எடுக்காமல் கூடப் போய்க் கரையில் இருந்தேன்.

சுகந்தி தானாக எடுத்தாள். முகம் தெரிகிற அழைப்பு, முதல் தடவை. மெலிந்திருக்கிறாள். முன்மயிர் நரைத்துவிட்டது.

"கிழவியாகிட்டாய்" என்றாள்.

"நீயும்தான்."

பிறகு கமராவைப் பார்க்காமல், வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆஸ்பத்திரியில நான் திரும்பிப் படுத்தது கோபத்தில இல்ல. உன்னில என்ன கோபம்? நீ உள்ளுக்கு வரேக்க உன்ர ரெண்டு காலும்தான் தெரிஞ்சுது. அந்தக் கறுத்த செருப்பு. நடந்து வந்து கட்டிலடியில நிண்டுது. என்னால பார்க்க ஏலாமப் போச்சு. அதுக்குப் பிறகு, வா எண்டு கூப்பிட வெக்கமாயிருந்தது."

நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"இப்ப எங்க நிக்கிறாய்?"

"கடற்கரையில."

"கமராவைக் கீழ பிடி. காலைக் காட்டு."

சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையைக் கழற்றினேன். தண்ணீர் கணுக்கால்வரை வருகிற இடத்துக்கு இறங்கிப்போய், கைப்பேசியைக் கவிழ்த்துப் பிடித்தேன். அலை வந்து பாதத்தை மூடியது, பிறகு விலகியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இமெல்டா அக்கா நீந்தி முடித்து என்னைக் கடந்து போனார்.

"மலர்."

"சொல்லு."

"முதல்ல அந்த நகத்தை வெட்டடி. பார்க்கச் சகிக்கேல்ல."

சிரித்த சிரிப்பில் கைப்பேசி தண்ணீருக்குள் விழப் பார்த்தது. அவளும் அங்கே சிரித்துக்கொண்டே இருந்தாள், கோழிகள் கலைந்து ஓடும்வரை.

வீட்டுக்கு வந்து நகவெட்டி தேடினேன். இவர் எங்கே வைத்தாரோ, காணவில்லை. இவரே கடைக்குப் போய்ப் புதிது ஒன்று வாங்கி வந்திருக்கிறார்.